வறண்ட ஆற்றில் கேமராவோடு: சென்னையிலிருந்து தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராஜஸ்தானின் பாலை ஆறுகளில் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, நாமும் ஒருமுறை போய் எடுத்துவர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் சென்னையில் நிறைய இருக்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் மணல் ஆற்றில் படமெடுப்பது தனிப் பழக்கம். அதைப் பயணம் போன இடத்தில் கற்றுக்கொள்ளப் பார்த்தால் பாதிப் பயணம் அதிலேயே போய்விடும். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பாலாறு இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிற ஆறு. அங்கே தொடங்குங்கள்.

பாலாற்றைப் பாலத்தின் மேலிருந்து மட்டும் பார்த்தவர்கள் அதைச் செத்த ஆறு என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இறங்கி ஒரு காலை முழுக்க உட்கார்ந்து பாருங்கள். எத்தனை உயிர்கள் அதை நம்பி இருக்கின்றன என்று தெரியும்.

முதலில் ஆற்றைப் புரிந்துகொள்ளுங்கள்

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, வேலூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக வந்து, கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் வங்கக் கடலில் சேர்கிறது பாலாறு. நீளம் சுமார் 348 கிலோமீட்டர். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தண்ணீர் ஓடும். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியது. மழை நின்றதும் ஓட்டம் மெலிந்து அறுந்துபோகும். மேலே மணல், ஈரம் அடியில் இருக்கும். கரையோர ஊர்களில் இன்றும் மணலைத் தோண்டி ஊற்று நீர் எடுப்பதைப் பார்க்கலாம்.

படமெடுப்பவருக்கு இதில்தான் விஷயம் இருக்கிறது. ஓட்டம் அறுந்த பிறகு, பள்ளமான இடங்களில் மட்டும் குட்டை குட்டையாக நீர் நிற்கும். நாள் போகப் போகக் குட்டை சுருங்கும். அதிலிருக்கும் மீனுக்கும் நண்டுக்கும் தப்பிக்க வழியில்லை. மீன் தின்னும் பறவைகள் அதைத் தேடி வரும்; தண்ணீர் குடிக்க மற்ற உயிர்களும் அதே இடத்துக்குத்தான் வந்தாக வேண்டும். ஆறு நிறைந்து ஓடும்போது பல கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடந்தவை, வற்றும்போது ஒரு குட்டையைச் சுற்றி நெருங்கிவிடுகின்றன. ஆகவே நல்ல காலம் தை முதல் பங்குனி வரை. உலகின் எந்தப் பாலை ஆற்றுக்குப் போனாலும் முதல் வேலை ஒன்றுதான்: தண்ணீர் எங்கே மிஞ்சியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது.

குட்டையைக் கண்டுபிடிப்பது

வீட்டிலேயே கூகுள் மேப்ஸில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, ஆற்றின் மீது மெதுவாக நகர்ந்து பாருங்கள். வெளிர் மணலுக்கு நடுவே கரும்பச்சைக் கோடு தெரிந்தால் அது கோரையோ நாணலோ. அதன் பக்கத்தில் ஈரம் இருக்கும். அந்தப் படம் எப்போது எடுத்தது என்று சொல்ல முடியாது. அதனால் அதை வைத்துத் தேடும் இடத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள், அவ்வளவே.

இரண்டாவதாக, பாலத் தூண்களின் அடியைப் பாருங்கள். வெள்ளம் ஓடும்போது தூணில் மோதிச் சுழலும் நீர் அடிமணலை அரித்துப் பள்ளம் பண்ணியிருக்கும். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் அங்கே நீர் நிற்கும். மூன்றாவது, தடுப்பணைகளின் மேற்புறம். நான்காவது, மாடு மேய்ப்பவர்கள். "அண்ணே, மாட்டுக்கு எங்க தண்ணி காட்டுறீங்க?" என்று கேட்டால் சரியான இடத்தைக் கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். என் அனுபவத்தில் இதைவிட நம்பகமான வழி வேறில்லை. கூடவே, எந்தப் பக்கம் பள்ளம் ஆழம், எந்தப் பக்கம் போகக் கூடாது என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இடம் தெரிந்ததும் ஒரு மாலை கேமரா இல்லாமல் போய்ப் பாருங்கள். குட்டையின் ஓர ஈரமணலில் தடங்கள் இருக்கும். மூன்று விரல் முன்னால் விரிந்த சிறு தடம் ஆள்காட்டிப் பறவையுடையதாகவோ உப்புக்கொத்திப் பறவையுடையதாகவோ இருக்கலாம். நாய்த்தடம் போலவே சற்று ஒடுங்கி, ஒரே நேர்கோட்டில் போனால் நரியாக இருக்க வாய்ப்பு அதிகம். வெயில் சாய்ந்திருக்கும்போது தடங்கள் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று பார்த்துவிட்டால், மறுநாள் எங்கே உட்கார வேண்டும் என்பது பாதி முடிவாகிவிடும்.

எங்கே போகலாம்

செங்கல்பட்டைத் தாண்டி மாமண்டூர் பக்கம் தேசிய நெடுஞ்சாலை ஆற்றைக் கடக்கிறது. கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை மின்சார ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்திலோ நண்பரின் பைக்கிலோ போகலாம். பாலத்தின் மேல் மட்டும் வண்டியை நிறுத்தவே கூடாது. லாரிகள் வரும் வேகத்துக்கு அது உயிருக்கு ஆபத்து. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போனால் வயலூர்ப் பக்கம் ஆறு கடலைச் சேரும் பகுதி. அங்கே ஆற்றுப் பறவைகளோடு கடலோரப் பறவைகளும் சேர்ந்து கிடைக்கும். ஆனால் பக்கத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது. அந்தத் திசையில் கேமராவைத் திருப்பாதீர்கள், ட்ரோனை எடுத்தே போகாதீர்கள், காவலர் யாராவது வந்து கேட்டால் அடையாள அட்டையைக் காட்டி, போகச் சொன்னால் கிளம்பிவிடுங்கள்.

அவ்வளவு தூரம் போவதற்கு முன் நகரத்துக்குள்ளேயே கை பழகலாம். அடையாற்று முகத்துவாரத்தில் உடைந்த பாலத்தின் பக்கம் மணல் திட்டும், கொக்கும், மீன்கொத்தியும் உண்டு. பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைச் சாலையோரத்திலிருந்தே படமெடுக்க முடியும். பவளக்கால் உள்ளான், கூழைக்கடா, சில பருவங்களில் பூநாரை. பறக்கும் பறவையைத் தொடர்ந்து ஃபோகஸ் பண்ணும் பயிற்சிக்குப் பள்ளிக்கரணையைவிட வசதியான இடம் சென்னையில் எனக்குத் தெரியாது. பறவைகளை அடையாளம் காணப் பழகவேண்டும் என்றால், 1978 முதல் இயங்கிவரும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகளின் களநடைகளில் சேர்ந்துகொள்ளுங்கள். தெரிந்தவர் ஒருவரோடு ஒரு காலை நடந்தால் போதும், ஒரு மாதம் தனியாகப் புத்தகம் புரட்டுவதைவிட அதிகம் கிடைக்கும்.

கருவி

புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். இருப்பதை வைத்துத் தொடங்குங்கள் என்பதே என் பதில். நிலக்காட்சிக்குக் கைப்பேசியே போதுமானது. பறவைக்குக் கிராப் சென்சார் (சற்றுச் சிறிய சென்சார் உள்ள) கேமராவும் 70-300 மி.மீ. லென்ஸும் இருந்தால் முதல் ஆண்டு முழுக்க ஓட்டலாம். அதற்கு மேல் வாங்குவதாக இருந்தால் 100-400 அல்லது 150-600. தனித்தனியாக லென்ஸ் வாங்க வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு நிகான் பி950 போன்ற சூப்பர்ஜூம் கேமராக்கள் உண்டு, 2000 மி.மீ. அளவுக்கு எட்டும், ஆனால் வெளிச்சம் குறைந்தால் படம் சொரசொரப்பாகிவிடும்.

ட்ரைபாடைவிட மணலில் உதவுவது பீன்பேக். பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, ஒரு பக்கம் தைத்து, அரிசியோ பயறோ நிரப்பி மறுபக்கத்தையும் தைத்துவிட்டால் முடிந்தது. மணலில் வைத்து அதன் மேல் லென்ஸைப் படுக்க வைத்தால் அசையாது, மணலும் படாது. தரையில் படுக்க ஒரு கோரைப்பாய். உடைக்கு மணல் நிறம், காய்ந்த புல் நிறம். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம், அது வெகு தூரத்திலிருந்தே தெரியும்.

செட்டிங்: மணலில் மாறுவது எது

பொதுவான அடிப்படைகளை எங்கும் படித்துக்கொள்ளலாம், இங்கே மணலுக்கு உரியதை மட்டும் சொல்கிறேன்.

வெயில் பட்ட மணல் மிகப் பளிச்சென்று இருக்கும். ஃபிரேமில் பாதிக்கு மேல் மணல் இருந்தால், கேமரா அந்த வெளிச்சத்தை நம்பிப் படத்தை இருட்டாக்கிவிடும். மணல் சாம்பலாகவும் பறவை கருப்பாகவும் வரும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7 அல்லது +1 வரை ஏற்றுங்கள். இதற்கு நேர்மாறானது வெள்ளைக் கொக்கு. கருநிறக் குட்டை நீருக்கு முன்னால் கொக்கு நின்றால், கேமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும்; இறகின் வெள்ளை முழுக்க வெந்துபோய், பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அப்போது -0.7 அல்லது -1. ஒரே இடத்தில் உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்குள் இந்த இரண்டும் மாறி மாறி வரும். அதனால் அந்த டயல் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் விரல் தேடிப் பிடிக்கப் பழகுங்கள். வெள்ளை வெந்துபோன இடத்தைத் திரையில் மினுக்கிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையை ஆன் செய்து, கேமரா திருத்தாத மூலக்கோப்பான ரா ஃபைலில் எடுங்கள்.

ஷட்டர் வேகம்: நிற்கும் பறவைக்கு 1/500, மணலில் குடுகுடுவென்று ஓடும் உப்புக்கொத்திக்கு 1/1000, பறப்பதற்கு 1/2000. அந்தரத்தில் சிறகடித்து நின்று, தலைகீழாக நீரில் விழும் கருப்பு வெள்ளை மீன்கொத்திக்கு 1/2500-க்குக் குறையாமல் வையுங்கள். ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளியுணர்வு அளவை, ஆட்டோவில் விட்டு, உச்ச அளவை 3200 என்று கட்டிவிட்டால், மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஃபோகஸ் தொடர் முறையில், அதாவது ஏஎஃப்-சி அல்லது ஏஐ சர்வோவில் இருக்கட்டும்.

வெளிச்சமும் கரையும்

சென்னைப் பக்கம் தை மாதம் சூரியன் ஆறரை மணி வாக்கில் எழும். வைகாசி, ஆனியில் ஆறுக்கு முன்பே. இருட்டிலேயே இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். விடிந்த பிறகு நடந்து போனால், நீங்கள் போகும் வழியில் இருப்பதெல்லாம் எழுந்து பறந்துவிடும்.

பாலாறு மொத்தத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் போகிற ஆறு. எனவே எந்தக் கரையில் உட்காருவது என்பது மாதத்தைப் பொறுத்தது. மார்கழி, தையில் சூரியன் கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே விலகி எழும். தென்கரையில் உட்கார்ந்து வடமேற்காகப் பார்த்தால் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து பறவை மேல் விழும். வைகாசி, ஆனியில் அது வடக்கே விலகிவிடும்; அப்போது வடகரை. இதை யோசிக்காமல் வசதியான கரையில் உட்கார்ந்துவிட்டு, எதிர்வெயிலில் எல்லாம் கருநிழலாக வந்ததே என்று வருத்தப்படுபவர்களை நிறையப் பார்க்கிறேன். எதிர்வெயிலை வேண்டுமென்றே எடுப்பது வேறு. குட்டையில் பவளக்கால் உள்ளான் நடக்கும்போது, அதன் கால்களும் பிரதிபலிப்பும் சேர்ந்து தங்க நிற நீரில் கருங்கோடுகளாக வருவது அழகு.

வெயில் ஏறினால் இன்னொரு சிக்கல், கானல். சுடுமணலை ஒட்டிய காற்று சூடாகி மேலெழும். சூடும் குளிரும் கலந்த காற்றடுக்குகளில் ஒளி வளைந்து வளைந்து வரும். ஐம்பது மீட்டருக்கு அப்பால் இருக்கும் பறவையின் விளிம்பு நெளியும். லென்ஸில் ஏதோ கோளாறு என்று சர்வீஸுக்குக் கொண்டு போகிறவர்கள் உண்டு. லென்ஸில் ஒன்றுமில்லை. கோடையில் எட்டு, எட்டரைக்கே இது தொடங்கிவிடும். லட்ச ரூபாய் லென்ஸாலும் தப்பிக்க முடியாது. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பதை மட்டும் எடுங்கள், இல்லையென்றால் மூட்டையைக் கட்டுங்கள். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சென்னையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். நிழலே இல்லாத அந்த வெளிச்சத்தில் மணல் தட்டையாகத்தான் வரும்.

உட்காருவது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். மணல் ஆற்றில் மறைவு கிடையாது. நீங்கள் பறவையைத் துரத்திப் போனால், ஒவ்வொரு பத்தடிக்கும் அது இருபதடி தள்ளிப் போகும். கடைசியில் பறந்து போகும் முதுகுதான் படமாகக் கிடைக்கும். சிவப்புமூக்கு ஆள்காட்டி ஒன்று உங்களைப் பார்த்துக் கத்தத் தொடங்கினால், ஆறு முழுக்கச் சேதி போய்விடும்.

குட்டையிலிருந்து பதினைந்து, இருபது மீட்டர் தள்ளி, வெளிச்சம் முதுகில் படும்படி, நாணல் புதரையோ மணல் மேட்டையோ ஒட்டி உட்காருங்கள். பின்னால் புதர் இருந்தால் உங்கள் உருவத்தின் விளிம்பு தெரியாது. பிறகு படுத்துவிடுங்கள். லென்ஸ் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும். நின்றுகொண்டு எடுத்தால் பறவை மணலில் ஒட்டிவைத்தது போல் வரும். அதன் கண் மட்டத்துக்கு இறங்கினால் முன்னும் பின்னும் மணல் மங்கிப்போய், பறவை மட்டும் எழுந்து நிற்கும். எந்த லென்ஸாலும் வராத மாற்றம் இது, காசும் செலவில்லை.

முதல் இருபது நிமிடம் ஒன்றும் வராது. கைப்பேசியை எடுக்காதீர்கள். கை அசைவைத்தான் பறவைகள் முதலில் கவனிக்கின்றன. அப்புறம் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். வழக்கமாக வாலாட்டியும் உப்புக்கொத்தியும் முதலில் வரும். மடையான் ஏற்கெனவே அங்கேயே நின்றிருக்கும்; மண் நிறத்தில் இருப்பதால் அப்போதுதான் உங்கள் கண்ணுக்குத் தெரியும். சின்னக் கொக்கு தண்ணீருக்குள் காலை ஆட்டி ஆட்டி மீனைக் கலைக்கும். மீன்கொத்தி எந்தக் குச்சியில் முதலில் உட்கார்ந்ததோ அதே குச்சிக்குத்தான் திரும்பி வரும். அது பறந்து போனதும் ஃபோகஸை அந்தக் குச்சியில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். பஞ்சுருட்டானும் அப்படித்தான், பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே கம்பிக்குத் திரும்பி, அதைக் கம்பியில் அடித்துத்தான் விழுங்கும். அந்த அடிதான் படம்.

நெருங்கியே ஆகவேண்டும் என்றால் நேராக நடக்காதீர்கள். குறுக்காக, வேறெங்கோ போகிறவர் மாதிரி, இடையிடையே நின்று குனிந்து போங்கள். பறவை தலையைத் தூக்கி உடம்பை இறுக்கினால் நின்றுவிடுங்கள். அது மறுபடி இரை பொறுக்கத் தொடங்கினால் மட்டும் அடுத்த அடி. கிளம்பும்போதும் இதே நிதானம். எடுத்து முடித்ததும் திடீரென்று எழுந்து நின்று, எல்லாவற்றையும் பறக்கவிட்டுப் போவது அநியாயம்.

கூடும் முட்டையும்

மாசி, பங்குனியிலிருந்து மணலில் நடக்கும்போது கண் தரையில் இருக்க வேண்டும். ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் சிறு குழி, சுற்றிச் சில கற்கள், அதில் பெரும்பாலும் நான்கு முட்டை. மணலும் கல்லும் கலந்த நிறம்; மிதித்த பிறகுதான் தெரியும். உப்புக்கொத்திகளும் ஆலாக்களும் இப்படித் தரையில்தான் முட்டையிடும்.

சித்திரை வெயிலில் அந்த மணல் எவ்வளவு சுடும் என்று கை வைத்துப் பாருங்கள். தாய்ப்பறவை முட்டை மேல் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அதை வெயிலிலிருந்து காப்பதற்காக. ஆள்காட்டி நீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்து வந்து, அந்த ஈரத்தால் முட்டையைக் குளிர்விக்கும். நீங்கள் பக்கத்தில் நிற்பதால் அது எழுந்து போய்விட்டால், சில நிமிடங்களிலேயே உள்ளிருக்கும் கரு வெந்து சாகலாம். கூடவே காகமும் நாயும் நீங்கள் நிற்கும் இடத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும். மணலில் உங்கள் காலடித் தடமே நாய்க்கு வழி காட்டிவிடும்.

எனவே: பறவை தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினாலோ, சிறகு ஒடிந்த மாதிரி தரையில் இழுத்துக்கொண்டு போனாலோ, முட்டையோ குஞ்சோ மிக அருகில் இருக்கிறது என்று பொருள். அதைப் படமெடுக்க நிற்காமல், வந்த வழியே காலடி பார்த்துத் திரும்புங்கள். கூட்டுப் படம் எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. இதில் விதிவிலக்குத் தேடுபவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. மண்கரையில் வளை தோண்டும் பஞ்சுருட்டான்களுக்கும் இது பொருந்தும். கரையின் விளிம்பில் ஏறி நின்றால் அடியில் வளை இடிந்துவிடும். கூடு இருக்கும் இடத்தை யாரிடமும் பகிராதீர்கள், கைப்பேசிப் படத்தில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள். ஒலிப்பெருக்கியில் பறவையின் குரலைப் போட்டு வரவழைப்பதும் வேண்டாம்.

நிலக்காட்சி

மணல் வெளியை அப்படியே அகல லென்ஸில் எடுத்தால் பெரும்பாலும் வெறுமையாகத்தான் வரும். கண்ணுக்குப் பிடிமானம் தரும் ஏதோ ஒன்று முன்னால் வேண்டும். காற்று போட்ட அலைவரிகள், வெடித்த வண்டல், நரித்தடம், ஊற்றுக் குழி. சூரியன் எழுந்த முதல் அரை மணியில் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கேமராவை வைத்து, லென்ஸின் துளை எஃப் 11, ஐஎஸ்ஓ 100-இல் எடுங்கள். பின்னணிக்குப் பனை வரிசை இருக்கிறது, ஆற்றுக்கு நடுவே நிற்கும் வட்டக் கிணறுகள் இருக்கின்றன, ரயில் பாலம் இருக்கிறது. மழை முடிந்த பிறகு நாணல் பூத்திருந்தால், எதிர்வெயிலில் அந்த வெண்பூக்கள் ஒளிரும்.

தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸிலும் நிலக்காட்சி எடுக்கலாம். பறவையைச் சின்னதாக வைத்து, ஆற்றைப் பெரிதாகக் காட்டுங்கள். சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912–1996) கருப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களைப் படமெடுத்தவர். வண்ணம் இல்லாமல் ஒளியையும் வடிவத்தையும் மட்டும் நம்பி எடுத்துப் பழகுவது மணல் ஆற்றுக்கு நன்றாகப் பொருந்தும். ஒரு காலை முழுக்கக் கேமரா திரையைக் கருப்பு வெள்ளையில் வைத்து எடுத்துப் பாருங்கள்.

பாதுகாப்பு

மணல் அள்ளிய பள்ளங்கள்தான் பாலாற்றின் மிகப் பெரிய ஆபத்து. மேலே முழங்கால் அளவு நீர் மாதிரி தெரியும், அடுத்த அடியில் ஆள் ஆழம் இருக்கும். தெரியாத குட்டையில் கால் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் ஆற்றுக்குள் இறங்கவே வேண்டாம். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் வேலூர்ப் பக்கம் பெய்த மழை வந்து சேரும். மணல் லாரியோ டிராக்டரோ நிற்பதைப் பார்த்தால் கேமராவைக் காட்டாமல் விலகிவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள், போகும் இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

சீமைக்கருவேலம் மண்டிய கரையில் கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் உண்டு. இருட்டில் போவதால் டார்ச்சும், கணுக்கால் மூடும் ஷூவும் கட்டாயம். படுக்கும் முன் பாயை விரிக்கும் இடத்தைப் பாருங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் செய்யாமல், கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெயிலுக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் மோர், தொப்பி.

கேமராவைக் காப்பாற்றுவது

மணலில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். எந்த லென்ஸ் என்பதை வீட்டிலேயே முடிவு பண்ணிவிடுங்கள். லென்ஸில் மணல் பட்டால் துணியால் துடைக்கக் கூடாது, கண்ணாடி கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள், அப்புறம் துணி. ஏசி அறையிலிருந்தோ ஏசி காரிலிருந்தோ எடுத்து வந்த கேமரா, நம் ஊர் ஈரக்காற்று பட்டதும் வேர்த்துப் பனிபடியும். அதனால் முந்தைய இரவே கேமராப் பையை ஏசி இல்லாத அறையில் வையுங்கள். வயலூர் மாதிரி கடல் பக்கம் போய் வந்தால், உப்பு படிந்திருக்கும் வெளிப்புறத்தை லேசாக நனைத்த துணியால் துடைத்து, உலரவிட்டு, சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். சென்னையில் லென்ஸைப் பீரோவில் மூடி வைத்தால் பூஞ்சை பிடிப்பது நிச்சயம்.

அடுத்தது வடக்கே

ஒரு பருவம் முழுக்கப் பாலாற்றில் பழகிவிட்டால் வெளியூர்ப் பயணத்துக்குத் தயார். தார்ப் பாலையின் ஆறு லூணி. ஆரவல்லியில் அஜ்மீர்ப் பக்கம் தொடங்கி, கடலைத் தொடாமலே கட்ச் ரண் பகுதியில் மறைந்துபோகும். பலோத்ராவைத் தாண்டினால் நீர் உப்பாகிவிடும். அதன் கிளையாறுகளில் ஒன்றான ஜவாயில் அணைக்கட்டும், சிறுத்தைகள் வாழும் கருங்கல் குன்றுகளும் இருக்கின்றன. அங்கே கல்கௌதாரிப் பறவைகள் நீர் குடிக்க வரும் இடத்தில், பாலாற்றில் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தால் போதும்.

ஆனால் முதல் பயணமாக நான் சொல்வது சம்பல். அசல் பாலை ஆறு என்று சொல்ல முடியாது. ஆண்டு முழுக்க நீர் ஓடும். ஆனால் இரு பக்கமும் வறண்ட மண் பள்ளத்தாக்குகள், நடுவே வெண்மணல் திட்டுகள். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் மூன்றிலும் பரவிய தேசியச் சம்பல் சரணாலயத்தில், உலகிலேயே அதிகமான கரியால் முதலைகள் வாழ்கின்றன. இந்தியன் ஸ்கிம்மர் பறவைகளும் மணல் திட்டுகளில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். படகில் இருந்து எடுப்பதால் ட்ரைபாட் உதவாது, அந்த ஜீன்ஸ் பீன்பேக்கை எடுத்துப் போங்கள். காலியாக எடுத்துப்போய் அங்கே அரிசி வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். ஷட்டரை 1/1000-க்குக் கீழே இறக்காதீர்கள். கரியாலின் நீண்ட மூக்கில் ஃபோகஸ் நின்றுவிடும், கண்ணில் வையுங்கள். கிளம்புவதற்கு முன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு ஒருமுறை போய்வாருங்கள். 1976-இல் தொடங்கிய அந்தப் பண்ணையில் கரியால்களும் உண்டு. அவை எப்படி வெயில் காய்கின்றன, எப்போது வாயைத் திறக்கின்றன என்று நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

சென்ட்ரலில் இருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் குவாலியரிலோ ஆக்ராவிலோ இறங்கலாம். இரண்டுக்கும் நடுவே, மொரேனாவுக்கும் தோல்பூருக்கும் இடையில் ரயில் சம்பலைக் கடக்கிறது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் அந்தப் பக்கம் அடர்ந்த மூடுபனி. ரயில்கள் தாமதமாகும், காலை ஒன்பது வரை எதிர்க்கரையே தெரியாமல் போகலாம். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் வரைக்கும் டிக்கெட் எடுங்கள்.